கதவின் கீழே வெளிச்சம்

இந்த அறைக்கு வெளிச்சம் நன்றாக வருகிறது, ஐயா. வடக்குப் பார்த்த சன்னல். எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் கண் கூசுவதில்லை, முகத்தின் மேடு பள்ளமெல்லாம் பதமாகத் தெரிகிறது. என் ஸ்டூடியோவில் இப்படி ஒரு சன்னல் இருந்திருந்தால் இருபத்திரண்டு வருடம் விளக்குகளோடு மல்லுக்கட்டியிருக்க மாட்டேன்.

அவசரமில்லை, நிதானமாகச் சொல்லுங்கள் என்றீர்கள். நிதானமாகவே சொல்கிறேன்.

என் பிழைப்பு பாஸ்போர்ட் படம் எடுப்பது. என் மனைவி முன்னால் மேசையில் உட்கார்ந்து பெயர் எழுதிக்கொள்வாள். நான் உள்ளே திரைக்கு எதிரில் நிற்பேன். "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. சிரிக்காதீங்க. கண்ணைச் சிமிட்டாதீங்க." ஒரு நாளைக்கு முப்பது தடவை இந்த மூன்று வாக்கியம். முகங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு முகம் என்றாலே சலித்துப்போனது. அதனால் விடுமுறை நாளில் முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆளில்லாத வீடுகளைத் தேடிப் போய்விடுவேன். வீடு அசையாது. இந்தப் பக்கம் அழகாக இல்லை, இன்னொன்று எடுங்கள் என்று கேட்காது.

எல்லாம் கறுப்பு வெள்ளைதான், ஃபிலிம்தான். நிறம் இருந்தால் பாசியின் பச்சையும் சுண்ணாம்பின் நீலமும் கண்ணைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். நிறத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெளிச்சமும், வெளிச்சம் போக முடியாத மூலையும். ஒரு பழைய வீட்டில் வேறென்ன இருக்கிறது?

எங்கள் ஊரில் படக்காரர்கள் சங்கம் ஒன்று உண்டு. வருடத்துக்கு ஒரு போட்டி வைப்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மாடிப்படியின் படத்தைக் கொடுத்திருந்தேன். கைப்பிடி உடைந்து, படிகளில் சருகு குவிந்து, மேலே ஓட்டை வழியாக ஒரே ஒரு கற்றை வெயில். எட்டு ஞாயிற்றுக்கிழமை காத்திருந்து எடுத்த படம். நடுவராக வந்தவர் அதன் முன்னால் நின்று மீசையைச் சொறிந்துகொண்டே இருந்தார்.

"வீடு இருக்கு. வெளிச்சம் இருக்கு. ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா பாருங்க, எனக்குப் பயமே வரலை. காலி வீட்டுக்குள்ள கால் வச்சா முதுகு சில்லுன்னு ஆகணும். இது வாடகைக்கு விடுற வீடு மாதிரில்ல இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோபம் எதுவும் இல்லை, ஐயா. அவர் சொன்னது சரியாக இருந்தது. அதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

யோசித்துப் பார்த்தபோது காரணம் பிடிபட்டது. நான் போகிற வீடுகளெல்லாம் பத்து வருடம், இருபது வருடம் ஆளில்லாமல் கிடந்தவை. சமையல் முடிந்த அறையில் கொஞ்ச நேரம் வாசனை நிற்கும், பிறகு போய்விடும் அல்லவா? பயமும் அப்படித்தான் என்று எனக்குப் பட்டது. காற்று புகுந்து ஆறிப்போன வீட்டில் எவ்வளவு நேரம் முக்காலி போட்டு நின்றாலும் அது கிடைக்காது. சூடு ஆறாத வீடு வேண்டும். அப்போது இதற்கு மேல் நான் எதையும் யோசிக்கவில்லை.

மூடிப்போன ஆலைக்குப் பின்னால் ஒரு தெரு இருக்கிறது. உங்களுக்கு இப்போது நன்றாகத் தெரிந்த தெரு. வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வீடு, கதவு நிலை எல்லாம் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கடைசி வீடு மட்டும் மாடியோடு முழுசாக நின்றது. இரும்பு வாசலில் துரு, சுவர் முழுக்கக் கொடி, சன்னல் கண்ணாடியில் கைவைத்தால் எழுதலாம் போல அழுக்கு. பின்கதவு தள்ளியதும் திறந்துகொண்டது. கூடத்தில் முக்காலியை விரித்துக் கேமராவை மாட்டிக்கொண்டிருந்தேன்.

மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. "கதவைச் சாத்திட்டு வாங்க. தூசி வருது."

கேமரா கையிலிருந்து நழுவப் பார்த்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது அதுதான் முதல் தடவை.

மாடிப்படியில் ஒரு அம்மா நின்றிருந்தார். எழுபத்தைந்து இருக்கும். காதுமேல் ஒரு பேனா. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பூதக்கண்ணாடி. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"திருட வந்தவர் முக்காலி தூக்கிட்டு வரமாட்டார். யாரு நீங்க?"

பாழடைந்த வீடுகளைப் படம் எடுப்பவன் என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் படியிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

"நான் ஒருத்தி முழுசா உள்ள உட்கார்ந்திருக்கேன், அது உங்க கணக்குல வரலையா தம்பி?"

முப்பத்து நான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவர். எல்லோருக்கும் அவர் டீச்சரம்மா, அன்றிலிருந்து எனக்கும். கணவர் போய் நெடுநாள் ஆகிவிட்டது, பிள்ளைகள் இல்லை. தங்கை மகள் ஒருத்தி கடல் தாண்டி இருந்தாள், ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குப் பேசுவாள். கூடத்தில் படியோரமாக இருந்த போனில்தான். அட்டைப்பெட்டியில் ஊசித் துளை போட்டுப் பிள்ளைகளை வைத்துப் படம் எடுத்த கதையை எனக்குச் சொன்னார். டீ போட்டுக்கொடுத்தார். வீடு முழுக்க எங்கே வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

"இவ்வளவு பெரிய வீட்ல தனியா இருக்கீங்களே, பயமா இல்லையா?"

"எதுக்கு? இருட்டுன்னா வெளிச்சம் இல்லைன்னு அர்த்தம். அதுக்கு மேல அதுல ஒண்ணும் கிடையாது."

எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஃபிலிமைக் கழுவிப் பார்த்தேன். அருமையான படங்கள். மாடி நடையின் நீளம், கடைசியில் ஒற்றைச் சன்னல். ஆனால் நடுவர் சொன்ன குறை அப்படியே இருந்தது. பயப்படாத ஒருவர் குடியிருக்கும் வீட்டில் பயம் எங்கிருந்து வரும்? அவர் கொஞ்சம் பயந்தால் வீடும் கொஞ்சம் மாறும் என்று நினைத்தேன். கொஞ்சம்தான். ஒரு சோதனை மாதிரி. அவருக்கே பிடித்த சொல் அது.

செய்முறை ஒன்றும் பெரிய வித்தையில்லை. என் மாமனாரின் பழைய மழைக்கோட்டு ஒன்று வீட்டில் கிடந்தது, முழங்காலுக்குக் கீழே வரும். அதைப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஸ்டூடியோத் திரை முன்னால் நின்று என்னை நானே எடுத்துக்கொண்டேன். இருட்டறையில் இரண்டு நெகட்டிவையும் ஒரே தாளில் சேர்த்து அச்சடித்தால் மாடி நடையின் கோடியில் ஒரு ஆள் நிற்பான். சுண்டுவிரல் நகத்தளவு. அந்தப் படத்தையே மறுபடி படம் பிடித்தால் புதிதாக ஒரு நெகட்டிவும் கைக்கு வந்துவிடும்.

ஈரப் படம் கொடியில் தொங்கும்போது என் மனைவி பார்த்தாள்.

"யாரு இது?"

"நான்தான்."

கொஞ்ச நேரம் கூர்ந்து பார்த்தாள். "உங்க மாதிரி இல்லையே" என்றாள். அன்றைக்கு அவள் இருட்டறைக் கதவைச் சாத்தாமலே போய்விட்டாள்.

மூன்று படங்களோடு சேர்த்து நாலாவதாக அதை டீச்சரம்மாவிடம் கொடுத்தேன். கண்டுகொள்ளவே மாட்டார் என்று நினைத்தேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. பூதக்கண்ணாடி படத்தின் மேலே ஊர்ந்துபோய் ஒரு இடத்தில் நின்றது.

"தம்பி, அன்னைக்கு உங்ககூட யாராவது மேல வந்தாங்களா?"

"இல்லையே."

"அப்ப இது யாரு?"

நான் குனிந்து பார்த்தேன். பார்த்துவிட்டு, பேசாமல் இருந்தேன். நான் எதுவும் சொல்லவில்லை, ஐயா. கடைசிவரை பேய் பிசாசு என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததில்லை. நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருப்பேன், கேட்பதற்கு ஆள்தான் இல்லை.

"இரண்டு படம் ஒண்ணா விழுந்திருக்கும். நெகட்டிவைக் கொண்டுவாங்க" என்றார். டீச்சர் அல்லவா. அடுத்த தடவை கொண்டுபோனேன். சன்னலில் பிடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். ஒட்டு இல்லை, வெட்டு இல்லை. நெகட்டிவைத் திருப்பித் தரும்போது அவர் விரல் குளிர்ந்திருந்தது.

அதற்குப் பிறகு வாரம் ஒரு படம். ஒவ்வொன்றிலும் அவன் கொஞ்சம் கிட்டே வந்தான். நடையின் கோடியிலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து படுக்கையறை வாசலுக்கு. அவர் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்குள் யாரோ வந்து போகிறார்களா என்று கண்டுபிடிக்க மாடி நடை முழுக்கச் சாக்பீஸ் தூளைத் தூவி வைத்தார். ஒரு வாரம் அந்தப் பக்கம் காலடி படாமல் பார்த்துக்கொண்டார். தூவிய தூள் அப்படியே இருந்தது. "பார்த்தீங்களா, ஒரு தடம் இல்லை. யாரும் வரலை" என்று நிம்மதியாக எனக்குக் காட்டினார். நான் அதைப் படம் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் கொடுத்த படத்தில் அவன் அந்தத் தூளின் நடுவில் நின்றிருந்தான். சுற்றிலும் ஒரு காலடி இல்லை.

டீச்சரம்மா அந்தப் படத்தை மடியில் கவிழ்த்து வைத்தார். பிறகு எழுந்து மாடிப்படிக்குப் போகும் கதவைச் சாத்தினார். நாற்காலியை இழுத்து அதற்கு முட்டுக்கொடுத்தார். அதற்கப்புறம் அவர் மாடிக்குப் போகவே இல்லை. மேலே இருந்த துணிமணி, கண்ணாடிக்கூடு, மருந்து எல்லாவற்றையும் நான்தான் எடுத்து வந்து கொடுத்தேன்.

அப்போதிருந்து வீடு மாறத் தொடங்கியது. நம்பமாட்டீர்கள், படத்தில் தெரிந்தது. ஒரு நாற்காலி எங்கே போடப்பட்டிருக்கிறது, எந்தத் திரை இழுத்துவிடப்பட்டிருக்கிறது, எந்தக் கண்ணாடி சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டப்பட்டிருக்கிறது. இதையெல்லாம் ஒருவர் யோசித்து வைக்க முடியாது. பயந்தவர் வைத்தால்தான் அப்படி அமையும்.

ஒரு நாள் கேட்டார். "இனிமே படம் எடுக்க வேணாமே தம்பி. எடுக்காம விட்டா அது போயிடுமோ என்னமோ."

"உங்க இஷ்டம் டீச்சரம்மா. ஆனா எடுத்தாத்தான் அது எங்க நிக்குதுன்னு தெரியும்."

அவர் அதை யோசித்தார். நியாயம்தான் என்று பட்டிருக்கும். அதற்குப் பிறகு நான் வாசலில் கால் வைத்ததும், "முதல்ல கூடத்தை எடுங்க, அப்புறம் சமையல்கட்டு" என்று அவரே சொல்வார்.

தங்கை மகளிடம் சொல்லப் போவதாகவும் ஒரு தடவை சொன்னார். நான் தடுக்கவில்லை. "சொல்லுங்க. ஆனா வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுதுன்னு நினைச்சு எங்கயாவது கொண்டுபோய் விட்டுடப் போறாங்க" என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பக்கத்தில் இருக்கும்போதுதான் போன் வந்தது. "எனக்கென்ன, நல்லா இருக்கேன்" என்றார். பேசும்போது ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பார்வை என் தோளுக்கு மேலே படிக்கதவில் இருந்தது.

கீழே புத்தக அறை ஒன்று உண்டு. ஒரே கதவு. உயரத்தில் கம்பி போட்ட சின்னச் சன்னல், கிழக்குப் பார்த்தது. படுக்கையை அங்கே மாற்றினோம். கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் பழுதாகி வெகுகாலம் ஆகிறது. வெளியே மட்டும் கொண்டி இருந்தது.

"வெளியில பூட்டிட்டுப் போங்க தம்பி. காலையில வந்து திறங்க. பூட்டு இருந்தா மனசு தைரியமா இருக்கும்."

பூட்டச் சொன்னது அவர்தான். பூட்டும் அவருடையதுதான். சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

மாலை ஆறு மணிக்குப் பூட்டுவேன். ஒரு கூஜா தண்ணீர், ரொட்டி, ஒரு வாளி உள்ளே இருக்கும். காலை எட்டு மணிக்கு, ஸ்டூடியோ திறப்பதற்கு முன்னால் போய்த் திறப்பேன். ஒன்பது நாள் தவறாமல் செய்தேன். மழை கொட்டிய நாளில்கூட. "எங்க போனாலும் எட்டு மணிக்கு வந்துடறீங்க, நல்ல மனசு தம்பி உங்களுக்கு" என்பார். என் மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் என்னிடம் கேள்வி கேட்பதை விட்டிருந்தாள்.

ஒன்பதாம் நாள் மாலை. பூட்டிவிட்டுச் சாவியைப் பையில் போட்டேன். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக அவர் குரல் வந்தது.

"தம்பி. போயிட்டீங்களா?"

"இல்லை, இருக்கேன்."

"திரும்பிப் பார்க்காதீங்க. நேரா வாசலுக்கு நடங்க. அது உங்க பின்னாலதான் நிக்குது. கதவிடுக்குல தெரியுது எனக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "எனக்கு வயசாயிடுச்சு, பரவாயில்லை. உங்களுக்குக் குடும்பம் இருக்கு. போயிடுங்க."

அவனைச் செய்தவன் நான். அந்த மழைக்கோட்டுக்குள் இருந்தவன் நான். இருந்தும் என் முதுகு சில்லிட்டது, ஐயா. கழுத்துக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவது போல இருந்தது. திரும்பினேன். கூடம் காலியாக இருந்தது. படிக்கதவுக்கு முட்டுக்கொடுத்த நாற்காலி மட்டும் சற்று விலகியிருந்தது போலத் தோன்றியது. விலகியிருந்ததா, நான் அப்படி நினைத்தேனா, இன்றைக்கு வரை தெரியாது. முக்காலியைக்கூட எடுக்காமல் ஓடினேன். இரும்பு வாசலில் சட்டை மாட்டிக் கிழிந்தது. அப்போதும் நிற்கவில்லை.

அந்தப் பயத்தில்தான் பன்னிரண்டு நாள் நான் அந்தப் பக்கமே போகவில்லை. முதலில் எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தில் அப்படித்தான் சொல்லியிருந்தேன். பயந்தவனால் என்ன செய்ய முடியும்? பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்தவர்களை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஞாயிறு பத்து மணிக்கு அந்தக் கூடத்தில் போன் அடித்துக்கொண்டிருக்கும் என்ற நினைப்பில் கடைக் கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். அந்த லைன் அடிக்கடி கெட்டுப்போகும், அதனால் தங்கை மகள் பதறவில்லை என்று பிறகு தெரிந்தது.

ஓடிவந்ததற்குப் பதின்மூன்றாம் நாள் நடுப்பகலில் போனேன். நல்ல வெயில். கூடத்தில் ஒரு சத்தம் இல்லை. பூட்டைத் திறந்து கையில் எடுத்துக்கொண்டேன். அவர் படுக்கையில் இல்லை. மேசையடியில், சுவரோடு சாய்ந்து இருந்தார். கூஜா காலி. மேசைமேல் நான் கொடுத்த படங்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. பக்கத்தில் அளவுகோல், பூதக்கண்ணாடி, ஒரு தாள்.

தாளில் ஒவ்வொரு படத்துக்கும் கோடு போட்டிருந்தார். சன்னல் எந்தப் பக்கம், கதவின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, அவன் உடம்பில் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது. ஸ்டூடியோவில் எனக்கு வலப்பக்கம் விளக்கு இருந்தது. வீட்டில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்தது. நான் யோசிக்கவே இல்லை. அவர் கண்டுபிடித்துவிட்டார். கீழே எழுதியிருந்தார், கையெழுத்து அங்கங்கே சறுக்கியிருந்தது: "நிழல் தவறு. ஆள் பிற்பாடு சேர்க்கப்பட்டது. வீட்டில் எவரும் இல்லை." அதற்கும் கீழே இன்னொரு வரி. "தம்பி வந்ததும் கேட்க வேண்டும். அவரை யாரோ ஏமாற்றுகிறார்கள்."

தாளையும் படங்களையும் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து எரித்தேன். கதவின் உட்பக்கத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமலே வந்தேன். மறுநாள் தபால்காரர் வாசல் திறந்து கிடப்பதைப் பார்த்து உள்ளே போயிருக்கிறார். தனியாக இருந்த வயதானவர், சாப்பிடாமல் கிடந்திருக்கிறார், இதயம் நின்றுவிட்டது என்று எழுதி முடித்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது.

அத்தோடு முடிந்திருக்கும். முடியாததற்குக் காரணம் என்னிடம் இருந்த ஒரு படம்.

பூட்டிய புத்தக அறைக் கதவு. அவ்வளவுதான் படத்தில். பித்தளைக் கொண்டி, அதில் தொங்கும் பூட்டு. கதவின் கீழ் இடுக்கில் உள்ளேயிருந்து கசியும் ஒரு வரி வெளிச்சம். வேறு எதுவும் இல்லை. அதை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கினேன். அதைக் காட்டாமல் வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை, ஐயா. இருபத்திரண்டு வருடத்தில் நான் எடுத்த ஒரே படம் அது என்றுகூடச் சொல்வேன்.

சங்கத்தின் கண்காட்சியில் மாட்டினார்கள். அதே நடுவர் வந்தார். நின்றார். முழங்கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "இப்ப வந்திருக்கு பாருங்க" என்றார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. பத்திரிகையில் அந்தப் படத்தைப் போட்டார்கள்.

மூன்றாம் நாள் ஒரு பெண் வந்தாள். பயணக் களைப்பு முகத்தில் இருந்தது. மற்ற படங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே அதன் முன்னால் போய் நின்றாள். கொண்டியைத் தொடப் போவது போலக் கையை நீட்டி, பிறகு இழுத்துக்கொண்டாள்.

"இந்தக் கதவு எனக்குத் தெரியும் சார். சின்ன வயசுல இதுல கை நசுங்கிருக்கு. எங்க பெரியம்மா வீடு."

"அப்படியா."

"எப்ப எடுத்தீங்க?"

"வீடு காலியான பிறகு. உள்ள யாரும் இல்லாதப்ப."

அவள் குனிந்தாள். தரையோரமாக, படத்தின் அடிப்பகுதியில் விரல் வைத்தாள். அந்த ஒரு வரி வெளிச்சத்தில் இரண்டு இடத்தில் கறுப்பாக அறுபட்டிருக்கும். பக்கத்தில் பக்கத்தில், ஒரு சாண் இடைவெளி.

"அப்ப இது யார் கால் சார்?" என்றாள். குரல் உயரவில்லை. ஆனால் கேட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனாள். என்னிடமிருந்து விலகித்தான் போனாள், படத்திடமிருந்து அல்ல. ஒரு முகத்தில் பயம் வரும் அந்த நொடியை அப்போதுதான் நான் சரியாகப் பார்த்தேன். கையில் கேமரா இல்லை.

அடுத்த நாள் நீங்கள் வந்தீர்கள். இப்போது அந்தப் படத்தை மேசைமேல் வைத்து, ஒன்பதாம் நாள் மாலையில் ஓடிவிட்டீர்கள் என்றால் இது எந்த நாள் என்று கேட்கிறீர்கள். ஃபிலிம் சுருளில் ஒன்பதாம் நாள் படங்களுக்கு அடுத்தது இதுதான், கிழக்குச் சன்னல் வெளிச்சம், அப்படியானால் அதற்குப் பிறகு ஒரு காலை நேரம் என்கிறீர்கள். முக்காலியை விட்டுவிட்டு ஓடியவன் திரும்பி வராமல் எப்படி எடுத்தான் என்கிறீர்கள். சரியான கேள்விகள். முதல் வாக்குமூலத்தில் நான் ஒரு காலையை விட்டுவிட்டேன்.

பத்தாம் நாள் காலை எட்டு மணிக்குப் போனேன். வழக்கம்போல. திறப்பதற்காகத்தான் போனேன், அதை நம்புங்கள். மாலை ஓடிவந்த நடுக்கம் தூங்கி எழுந்ததும் போய்விட்டிருந்தது. சாவி பையில் இருந்தது. முக்காலி விட்ட இடத்திலேயே கதவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

கூடத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. மழை பெய்து ஓய்ந்த காலை. எல்லாம் சாம்பல் நிறத்தில் அடங்கிக் கிடந்தது. கதவின் கீழே மட்டும் அந்தக் கோடு, வெள்ளி மாதிரி. கேமராவை மாட்டிப் பார்த்தேன். அழகாக இருந்தது, ஆனால் வெறும் கோடு. ஏதோ குறைந்தது. என்ன என்று எனக்கு உடனே தெரிந்தது.

"வந்துட்டீங்களா தம்பி?" உள்ளேயிருந்து கேட்டார். கட்டில் கிறீச்சிட்டது.

"வந்துட்டேன் டீச்சரம்மா. கதவுகிட்ட வந்து நில்லுங்க. நல்லாக் கிட்ட வாங்க. நான் சொல்றவரைக்கும் அசையாதீங்க."

கால் தேய்த்து நடந்து வரும் சத்தம். கோட்டில் முதலில் ஒரு கறுப்பு விழுந்தது, பிறகு இன்னொன்று. படம் நிறைந்துவிட்டது.

"படம் எடுக்கறீங்களா? எவ்வளவு நேரம் நிக்கணும்?"

"எட்டு விநாடி."

"நானே எண்றேன்" என்றார். பிள்ளைகளுக்கு எண்ணிக் காட்டியவர் அல்லவா. ஒன்று, இரண்டு என்று நிறுத்தி நிறுத்திச் சரியாக எண்ணினார். விரல் ஒன்றுகூட ஆடவில்லை, பாருங்கள், விளிம்பு எவ்வளவு கூர்மையாக விழுந்திருக்கிறது. முந்தின நாள் மாலை அவ்வளவு நடுங்கியவர் அன்று காலை நடுங்கவில்லை. நான் வந்துவிட்டேன் அல்லவா, அதனால்.

எட்டு என்று சொல்லி முடித்தார். நான் முக்காலியின் கால்களை மடக்கத் தொடங்கினேன்.

"சரியா நின்னேனா தம்பி? இப்பத் திறங்க" என்றார்.

சரியாக நின்றீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன், ஐயா. அதைச் சொல்லாமல் வந்துவிடவில்லை.